கிளிப்புக்கு அடியில் இருந்த பச்சை

"ஒரு வார்த்தைதானே? இது அந்தப் பென்சில் இல்லைன்னு சொல்லிடு. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு," என்றார் அண்ணன்.

லென்ஸக்கா வலது கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மேசை விளக்குக்கு அடியில் குனிந்திருந்தாள். பழைய பேனா சந்தையில் அவளுக்கு அந்தப் பெயர் வந்து இருபது வருஷம் ஆகிறது. ஒரு பேனாவும் திருகு பென்சிலும் ஒரே பெட்டியில் பிறந்தவையா, இல்லை எவனோ ஒரு வியாபாரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி நடத்தி வைத்த திடீர்க் கல்யாணமா என்று அவள் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, சான்றிதழே கொடுத்துவிடுவாள். அந்தத் தாளுக்கு இரண்டாவது அபிப்பிராயம் கேட்டவர்கள் யாரும் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். தையல்காரி. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவள் என்பதற்குக் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவே சாட்சி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

காலையில் அவள் முதலில் போனது அண்ணன் வீட்டுக்குத்தான். கைக்குட்டையைப் பிரித்து இந்தப் பென்சிலை நீட்டி, "உங்கப்பா எங்கம்மாவுக்குக் குடுத்ததாம். எனக்கும் அவர்தான் அப்பான்னு எங்கம்மா சொல்றாங்க," என்றிருக்கிறாள். அண்ணன் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி. செத்தவனே எழுந்து வந்து நின்றாலும் இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிற ஆள். இப்படி ஒருத்தி வந்து நின்றால் விடுவாரா? "வாங்க, என் தங்கச்சி கடைக்குப் போகலாம். ஒரே நிமிஷத்துல குட்டு வெளிப்பட்டுடும்," என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எனக்குச் சொத்து வேணாங்க. பங்கு வேணாம். ரத்தப் பரிசோதனை, கோர்ட்டு, கச்சேரி எதுவும் வேணாம்," என்றாள் தையல்காரி. வந்ததிலிருந்து இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறாள். "அம்மாவுக்கு இன்னிக்கு ரெண்டு மணிக்கு நெஞ்சுல ஆபரேஷன். இதய ஆஸ்பத்திரி, நாலாம் மாடி. பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க சொன்னதை நான் ஒரு நாளும் நம்பினதில்ல. சின்ன வயசுல இருந்தே நம்பல. அக்கம்பக்கம் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன். நேத்து இந்தப் பென்சிலைக் கையில குடுத்து, 'போய் அந்தப் பேனாவோட வச்சுப் பாத்துட்டு வா'ன்னாங்க. அவங்க உள்ள போறதுக்குள்ள நான் போய்ச் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?" என்றார் அண்ணன்.

"பொய்யா நிஜமான்னு."

லென்ஸக்கா அப்போதும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். மேசைமேல் அவள் எடுத்து வைத்திருந்த அந்தப் பேனா அவளுடைய அப்பாவின் பேனா. அவர் நில அளவைக்காரர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வேலையில் சேர்ந்த பத்தாவது வருஷம் ஆபீசில் பரிசாகக் கொடுத்த செட். பெட்டியில் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்றில் பேனா கிடக்கும். இன்னொன்று காலி. பென்சில் எங்கேப்பா என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆத்தங்கரையில அளந்துக்கிட்டு இருந்தேன், கை தவறி ஆத்துல போயிடுச்சு." அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். எத்தனை சந்தை, எத்தனை பெட்டி! அப்பா போய் ஆறு வருஷம் ஆன பிறகும் தேடுவதை விடவில்லை.

இப்போது தேடிய பொருள் தானாக நடந்து வந்து மேசைமேல் படுத்திருக்கிறது. அதற்கு அவள் சந்தோஷப்பட வேண்டாமா? அவளோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இது அந்தப் பென்சில் என்றால் அப்பா சொன்ன ஆற்றுக் கதை பொய். அது பொய் என்றால், பாதி மாதம் வெளியூர் என்றதும் வேறு கணக்கு. அப்பா பொய் சொல்லாதவர் என்பது அந்த வீட்டில் சுவர் மாதிரி. அதில் சாய்ந்துகொண்டுதான் இவள் வளர்ந்தாள்.

முதலில் தேதியைப் பார்த்தாள். இந்தக் கம்பெனிக்காரன் ஆண்டின் கடைசி எண்ணைத் தண்டில் குத்தி, பக்கத்தில் மூன்று புள்ளி வைப்பான். மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் புள்ளியைக் குறைத்துக்கொண்டே வருவான். அப்பாவின் பேனாவில் எட்டு, இரண்டு புள்ளி. பென்சிலில் ஏழு, புள்ளியே இல்லை.

"தேதி வேற!" என்று அண்ணன் துள்ளினார். "பேனா ஒரு வருஷம், பென்சில் ஒரு வருஷம். முடிஞ்சுதா?"

"முடியலண்ணா. பேனா சீக்கிரம் வித்துடும். பென்சில் கிடந்து கிடந்துதான் போகும். செட்டுப் போடறப்ப போன வருஷப் பென்சிலை எடுத்து வச்சுடுவாங்க. ரெண்டுலயும் அச்சடிச்ச மாதிரி ஒரே தேதி இருந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன்."

"அப்ப பொருந்துதுங்களா?" என்றாள் தையல்காரி. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"இருங்க."

அடுத்தது எழுத்து. மூடியின் உலோகப் பட்டையில் அப்பாவின் முதலெழுத்து செதுக்கியிருந்தது. பென்சிலின் பட்டையிலும் அதே எழுத்து, அதே வளைவு. செதுக்கியவன் கை வலப்பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கிறது, இரண்டிலும். லென்ஸக்கா இதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. நல்ல ஆசாரி கையில் கொடுத்தால் யாரும் இதைக் காப்பியடிக்கலாமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதைத்தான் சொல்கிறேன், மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கண்ணும் கூடவே சாய்ந்துவிடும்.

கடைசியில் நிறம். அதில்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. பேனா நல்ல பழுப்பு. தண்டும் பழுப்பு, மூடியும் பழுப்பு, கோடுகள் இருக்கிற இடமே தெரியாது. வீட்டில் அதற்குப் பெயரே பழுப்புப் பேனாதான். பென்சிலோ பளிச்சென்ற பச்சை. பாசி படிந்த குளத்துக்குள் வெயில் விழுந்த மாதிரி ஒரு பச்சை, அதில் கறுப்புக் கோடுகள்.

அவள் லென்ஸைக் கழற்றினாள். "பொருந்தல. ரெண்டும் வேற வேற நிறத்துல வார்த்தது. ஒரே செட்டா வர வாய்ப்பே இல்ல. யாரோ வெளியில வாங்கி எழுத்தைச் செதுக்கியிருக்காங்க."

"சபாஷ்!" என்றார் அண்ணன். "எழுதிக் குடுத்துடு. நாளைக்கு இன்னொருத்தி வந்து நிக்கக் கூடாது."

எழுதிக் கொடுத்தாள். முத்திரையும் குத்தினாள். தையல்காரி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். சண்டை போடுவாள், அழுவாள் என்று லென்ஸக்கா எதிர்பார்த்தாள். அவள் தாளை நான்காக மடித்தாள், துணி மடிப்பதைப் போல ஓரம் ஓரமாகச் சேர்த்து. "நான் நினைச்சது சரிதான்," என்று மட்டும் சொன்னாள். "தெரியாத ஒரு ஆளோட பேரைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்திருக்காங்க." பென்சிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அண்ணனும் தங்கையின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வந்த காரியம் முடிந்த திருப்தியில் கிளம்பினார். மணி பன்னிரண்டு.

பன்னிரண்டரைக்கு ஒரு போன் வந்தது. எங்கிருந்தோ தபாலில் செட் வாங்கிய ஆள் ஒருத்தர். எடுத்த எடுப்பிலேயே கத்தினார். "ஏமாத்திட்டாங்க மேடம்! பேனா கறுத்துப் போய்க் கிடக்கு, பென்சில் மட்டும் புதுசாட்டம் பளபளன்னு இருக்கு. இது எப்படிங்க ஒரே செட்டாகும்?"

வாரத்துக்கு நான்கு பேர் இதைக் கேட்பார்கள். லென்ஸக்கா மனப்பாடமாக ஒப்பித்தாள். "கத்தாதீங்க சார். பேனாவுக்குள்ள மையை வச்சுக்க ஒரு ரப்பர் பை இருக்கும். அந்த ரப்பர்ல இருந்து ஒரு வாயு வரும். வருஷக்கணக்குல அது செல்லுலாய்டைப் பழுப்பாக்கிடும். பென்சில்ல ரப்பர் பை ஏது? அதனால அது போட்ட நிறத்துலயே இருக்கும். ஒரே செட்டுன்னா நிறம் மாறித்தான் இருக்கணும். தண்டைப் பாத்து முடிவு பண்ணக் கூடாது. மூடியைப் பாருங்க. மூடியும் கறுத்திருந்தா, காத்துப் புகாத பெட்டிக்குள்ளயே வச்சிருந்தாங்கன்னு அர்த்தம். அப்ப கிளிப்பைக் கழட்டி, அதுக்கு அடியில என்ன நிறம்னு..."

அவள் பார்வை மேசைமேல் கிடந்த பழுப்புப் பேனாவுக்குப் போனது.

"ஹலோ? மேடம்? கிளிப்புக்கு அடியில?"

அவள் போனை வைத்துவிட்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள்; சும்மாவா சொன்னார்கள்! அப்பா எழுதி முடித்ததும் பேனாவைத் தகரப் பெட்டிக்குள் போட்டு இறுக மூடுகிறவர். இவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து அது பழுப்பு. பழுப்புதான் அதன் நிறம் என்று நினைத்தாள். ஊரிலுள்ள பேனாவையெல்லாம் பிரித்து மேய்ந்தவள், அப்பா பேனாவை மட்டும் ஒரு நாளும் பிரித்ததில்லை. சாமிப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுவார்களா என்ன? அதுபோல் ஒரு பக்தி. வேறு யாருடைய பேனாவாக இருந்தாலும் முதல் நிமிஷமே கிளிப்பைக் கழற்றியிருப்பாள்.

தலைமுடி உலர்த்துகிற மெஷினை எடுத்து மூடியின் உச்சிக்கு மெல்லச் சூடு காட்டினாள். செல்லுலாய்டு, கொஞ்சம் தாண்டினால் பற்றிக்கொள்ளும். பச்சையாக இருந்தால் ஒருத்தியின் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியாகிவிட்டது. பழுப்பாக இருந்துவிட்டால் பிழைத்தோம். பழுப்பாக இருந்துவிடு, பழுப்பாக இருந்துவிடு என்று வேண்டிக்கொண்டேதான் உச்சித் திருகைத் திருப்பினாள். ஐம்பது வருஷப் பிடிவாதம், லேசில் அசையவில்லை. மூன்றாவது முறை க்ளிக் என்று விட்டுக்கொடுத்தது. கிளிப்பின் வளையத்தைத் தூக்கினாள்.

அடியில், நகத்தின் அகலத்துக்கு, பளிச்சென்று பச்சை.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த அதே பச்சை. லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. "அடிப்பாவி," என்றாள். தன்னைத்தான்.

சான்றிதழ்ப் புத்தகத்தின் அடிக்கட்டையில் தையல்காரியின் நம்பர் இருந்தது. மூன்று முறை அடித்தாள். எடுக்கவில்லை. மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு, தெருவில் இறங்கி ஒரு டாக்சியை மறித்தாள். மணி ஒன்று இருபது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடாமல் இருக்குமா? அவசரத்துக்கு ஓடுகிறவன் காலில்தான் ஊரிலுள்ள கயிறெல்லாம் சுற்றும். சரக்கு வண்டி, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டார்.

"கடை பாதி மூடியிருக்காம், பக்கத்துக் கடைக்காரர் போன் பண்றார். எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு. தப்பாச் சொல்லிட்டேண்ணா. அது அந்தப் பென்சில்தான்."

"எழுதிக் குடுத்தாச்சு. உன் கையெழுத்து, உன் முத்திரை. இப்பப் போய் மாத்திச் சொன்னா இருபது வருஷமா சேத்த பேரு என்னாகும்னு யோசிச்சியா?" என்றார்.

"போகட்டும்."

"அப்பா பேரு?"

"ஆத்துல போயிடுச்சுன்னு அப்பா சொன்னது பொய்ண்ணா," என்றாள். "நான் இன்னிக்குச் சொன்னதும் பொய். ஒரு வீட்டுக்கு எத்தனை பொய்தான் வேணும்?"

அண்ணன் வைத்துவிட்டார். கேட் திறக்கவில்லை. டாக்சியை விட்டு இறங்கி, வண்டி கடந்ததும் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். ஐம்பதை நெருங்கும் உடம்பு, ஓடிப் பழக்கமில்லை. செருப்பு ஒரு பக்கம் அறுந்தது. அறுந்ததை இழுத்துக்கொண்டே ஓடினாள்.

நாலாம் மாடி. லிஃப்டுக்குக் கூட்டம் நின்றது. படியேறினாள். நடைபாதைக் கோடியில் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் அளவு நாடா தொங்கத் தொங்கத் தையல்காரி. அவள் கையில் நான்காக மடித்த அந்தத் தாள், பிரிந்து கிடந்தது. படித்துக் காட்டியாகிவிட்டது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் லென்ஸக்கா. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை.

தள்ளுகிறவர் நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தார். அது போதும். அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தலையில் பச்சைத் துணித் தொப்பி மாட்டிய மெலிந்த அம்மாள். கண் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது.

"பொருந்துதும்மா," என்றாள் லென்ஸக்கா. மூச்சு வாங்கியது. "நான்தான் தப்பாப் பாத்துட்டேன். ஒரே செட்டுதான். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அவரோட பொண்ணா?"

"ஆமா."

"என்கிட்ட எதுக்கும்மா சொல்ற? அந்த மனுஷனோட வாழ்ந்தவ நான். எனக்குத் தெரியாதா?" என்றார். விரலைத் தூக்கிப் பக்கத்தில் காட்டினார். "அதோ நிக்கிறாளே, அவகிட்ட சொல்லு. நாப்பது வருஷமா அவளுக்குத்தான் தெரியல."

"போதும்மா, நேரமாச்சு," என்று தள்ளினார்கள். கதவு இரண்டு பக்கமும் விலகி, மறுபடி சேர்ந்துகொண்டது.

தையல்காரி இவளைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. "ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வேற நிறம்னீங்க. இப்ப ஒரே நிறம்ங்கிறீங்க. எதை நம்பறது? எங்கம்மா பாவம்னு பொய் சொல்ல வந்தீங்களா?"

"என்னை நம்பாத. நீயே பாரு." லென்ஸக்கா உள்ளங்கையை விரித்தாள். கிளிப் கழன்ற மூடி. பழுப்புக்கு நடுவில் அந்தப் பச்சை வளையம். "வெளியில தெரியறதெல்லாம் ரப்பர் கெடுத்தது. இதுதான் போட்ட நிறம். உன் பென்சிலை இதுகிட்ட வை."

தையல்காரி கைக்குட்டையைப் பிரித்தாள். குழல் விளக்குக்கு அடியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தவள், உடனே தலையை ஆட்டினாள். "விளக்கு வெளிச்சத்துல நூல் பாக்கக் கூடாதுங்க. ஏமாத்தும்." ஜன்னலுக்குப் போனாள். பகல் வெளிச்சத்தில் மூடியையும் பென்சிலையும் ஒட்டிப் பிடித்தாள், துணிக்கு நூல் பொருத்துகிறவள் பிடிக்கிற மாதிரி. ஒரு முறை திருப்பினாள். இன்னொரு முறை திருப்பினாள். லென்ஸக்கா பக்கத்தில் காத்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தீர்ப்புக்குத்தான் மற்றவர்கள் இப்படிக் காத்து நின்றிருக்கிறார்கள்.

"ஒண்ணுதான்," என்றாள் தையல்காரி.

சொன்னவள் அப்படியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ," என்றாள். "உங்க பேப்பரைப் படிச்சுக் காட்டிட்டு நான் அம்மாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? உள்ள போறவங்ககிட்ட? 'இப்பவாவது ஒத்துக்கோம்மா'ன்னேன்."

லென்ஸக்காவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த வார்த்தையில் பாதி அவள் எழுதிக் கொடுத்தது.

"நான் நம்பிட்டேன்னு அவங்களுக்குத் தெரியாதே. தெரியாமலே மயக்க மருந்து குடுத்துடுவாங்களே."

யோசிக்க நேரமில்லை. லென்ஸக்கா போய் அந்தக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, இடித்தாள். முகமூடி போட்ட ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். "என்னங்க இது? சந்தைக்கடையா? அறிவில்லையா உங்களுக்கு?"

"இல்ல. சுத்தமா இல்ல. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, ஆனா முதல்ல உள்ள ஓடுங்க. அந்தம்மா தூங்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ணு நம்பிட்டான்னு சொல்லுங்க. அவளே வச்சுப் பாத்து நம்பிட்டான்னு சொல்லுங்க."

நர்ஸ் ஒருத்தியை விட்டு ஒருத்தியைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. லென்ஸக்கா தன்னை அறியாமல் தையல்காரியின் முழங்கையைப் பிடித்திருந்தாள்; அவளும் உதறவில்லை.

நர்ஸ் மறுபடி தலையை நீட்டினாள்.

"சொல்லிட்டீங்களா?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சொன்னேன், சொன்னேன். ஊசி பாதி ஏறிடுச்சு. ஆனா கேட்டுச்சு அவங்களுக்கு. சிரிச்சாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"ம். 'இப்பவாவது ஒத்துக்கிட்டாளே'ன்னாங்க," என்றாள் நர்ஸ். "அப்படியே தூங்கிட்டாங்க."